வாசலில் நிற்பது என்ன மரம்

கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டபோது செவ்வல்பட்டி என்று சொல்லத்தான் பியூலா வாயைத் திறந்தாள், வெளியே வந்தது அருப்புக்கோட்டை. அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார். இனிக் கூப்பிட்டு மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்காவிட்டாலும் முகத்தைப் பார்ப்பார், அறுபது தாண்டிய பொம்பிளை எங்கே இறங்குவது என்று தெரியாமலா பஸ் ஏறுவாள். போகட்டும். அருப்புக்கோட்டையில் தங்கை இருக்கிறாள், மாதம் ஒருமுறை போகிற வீடுதான், போனதும் கருவாடு வாங்கி வந்தாயா என்று பையைத்தான் முதலில் பார்ப்பாள். செவ்வல்பட்டி போகிற வழியில் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தவள் செவ்வல்பட்டியில் இறங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை, இறங்காமல் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பஸ் ஊரைவிட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்தது, குவித்து வைத்த உப்பின் மேல் வெயில் விழுந்து கண்ணைக் குத்தியது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள், சுருக்கிய கண்ணுக்குள்ளும் வரப்பில் நின்ற மரங்கள் புகுந்தன, புகுந்ததும் மனசு அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. சீமை, சீமை, சீமை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதிரி ஐயர் செபம் சொல்லி முடிக்கும்போது வாய் தானாக ஆமென் சொல்வதுபோல. சீமைக்கருவேல் தவிர வேறு எதுவும் இந்த உப்புக்கு நிற்காது. ஆங்காங்கே ஒரு உடைமரம், பிடித்த குடைபோல மேலே தட்டையாக, இலைக்குச் சமமாக முள்ளை வைத்துக்கொண்டு. உடை என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது. இந்த ஓட்டத்தில் எதையும் நிறுத்திப் பார்க்க முடியாது. நிறுத்திப் பார்த்தே பழகியவள் அவள், இலையைத் திருப்பி, முள்ளைத் தடவி, காயை உடைத்து.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பியூலா மிஸ்தானே என்று கேட்ட குரலை அவள் உடனே தெரிந்துகொண்டாள், தெரிந்துகொண்டதை அந்தப் பக்கம் தெரியவிடாமல் ஆமாம், நீங்க யாரு என்று கேட்டாள். நெல்லையப்பன் பேசுகிறேன் என்றார். கல்லூரியில் தாவரவியல் டிபார்ட்மெண்டில் பக்கத்துப் பக்கத்து மேசையில் எட்டு வருஷம் உட்கார்ந்த மனிதர். பிறகு அவர் சொந்த ஊரான செவ்வல்பட்டியில் இருந்தே போய்வருகிற வேறு கல்லூரிக்கு மாறிப் போனார், ஓய்வு பெற்றும் அங்கேயே இருக்கிறார் என்று கேள்வி. மனைவி இறந்த செய்தி போன வருஷம் வந்தது, யாரோ சொல்லித்தான். துக்கம் கேட்கப் போகவேண்டும் என்று புடவையைக்கூட எடுத்து வைத்தாள், போகவில்லை. நான் யார் அங்கே போக என்று தோன்றியது, அப்படித் தோன்றியதே தப்பு என்றும் தோன்றியது, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் போனார்கள், போகாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். போனில் அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. நலமா என்று கேட்டார், முட்டிவலி உண்டா என்று கேட்டார், பிறகு கொஞ்சநேரம் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருந்த நேரத்தை அவள் நேற்றிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு சொன்னார்.

“வாசல்ல ஒரு மரம் நிக்குது, மிஸ். வன்னியா சீமையான்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும். திங்கக்கிழமை மிஷின் வருது.”

சீமைக்கருவேலை வேரோடு பிடுங்குகிற மிஷின். ஊர் ஊராக வருகிறது, கண்மாய், ஓடை, தெரு ஓரம் எல்லாம். எது சீமை, எது நாட்டு மரம் என்று ஆட்களுக்குக் குழப்பம் வரும்போதெல்லாம் தாலுகா ஆபீஸில் இருந்து அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மா சொன்னால் சரி. முள்மரம் டீச்சர் என்று பெயரே விழுந்துவிட்டது, அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. எத்தனை பள்ளிக்கூடத்தில், எத்தனை கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருப்பாள், இந்த மரம் எவ்வளவு ஆழத்துக்கு வேர்விட்டுத் தண்ணீரை உறிஞ்சும், தன் நிழலில் ஒரு புல்லைக்கூட முளைக்க விடாது என்று. ஆக அவர் அவளைக் கூப்பிட்டதில் அதிசயமே இல்லை. யாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் யாரோ ஒருவர் இல்லையே அவர். வன்னிக்கும் சீமைக்கும் வித்தியாசம் தெரியாதவரா நெல்லையப்பன். இரண்டும் ஒரு குடும்பம், அக்கா தங்கை மாதிரி, தூரத்தில் இருந்து பார்த்தால் இலையும் பூங்கதிரும் ஏமாற்றும். ஆனால் கொப்பைக் கையில் எடுத்தால் முடிந்தது. சீமைக்கு இலை புறப்படுகிற கணுவில் இரட்டை இரட்டையாக முள். வன்னிக்குக் கணுவை விட்டுவிட்டு, நடுவிலே, அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒழுங்கே இல்லாத குட்டி முள். ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் கண்ணைக் கட்டிவிட்டு அவர் கையில் கொப்புகளைக் கொடுத்துப் பந்தயம் வைத்தார்கள். கருவேல், வெள்வேல், உடை, வன்னி, சீமை, கொடுக்காப்புளி, ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. சார் முள்ளோடு பிறந்தவர் என்று ஒரு பெண் சொல்ல, விரலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் நிற்கிற மரத்தின் பெயர் தெரியவில்லை என்கிறார். அப்படியென்றால் மரத்துக்காகக் கூப்பிடவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் நேற்று ராத்திரி அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். மரத்துக்காகக் கூப்பிடவில்லை என்றால். இல்லை, இன்னொன்றும் இருக்கிறது, உண்மையாகவே தெரியாமல் போயிருக்கலாம். வயதாகிறது, தனியாக இருக்கிறார், பெரியப்பா கடைசியில் சொந்த மகனைப் பார்த்து நீங்க எந்த ஊர் என்று கேட்டாரே, அப்படி ஒன்று அவருக்குள்ளும் தொடங்கியிருந்தால். ஆனால் முட்டிவலி உண்டா என்று கேட்டாரே, அவளுடைய முட்டிவலி அவருக்கு நினைவிருக்கிறது. மரத்தை மறந்தவர் முட்டியை நினைவு வைத்திருப்பாரா.

உப்பளம் முடிந்து மண் சிவந்தது, பிறகு மெல்லக் கறுத்தது. ஒரு கண்மாய்க் கரையில் கருவேல்கள், கறுத்து வெடித்த பட்டையோடு, மஞ்சள் உருண்டைப் பூக்களோடு. கருவேல் என்று மனசு சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் அது பெயர் சொல்லாமல் நின்றுவிட்டது, முள்ளில் புடவைத் தலைப்பு மாட்டிக்கொண்டதுபோல. எப்போதும் இந்த மஞ்சளில்தான் மாட்டும். அன்றைக்கு அது கருவேல் அல்ல, கஸ்தூரிவேல், இதைவிடச் சின்ன மரம், பூ இதைவிட வாசனை, ஒரு கொப்பு இருந்தால் அறை முழுக்க மணக்கும். கல்லூரிக்காக அவளும் நெல்லையப்பனும் பிள்ளைகளோடு தாவர மாதிரிகள் சேகரிக்கப் போயிருந்தார்கள், மற்றவர்கள் ஓடையைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் மரத்தடியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே கொப்புகளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நெல்லையப்பன் வந்து எதிரே நின்று ஒரு கொப்பை நீட்டினார். கொப்பு நிறையப் பூ. அவள் வாங்கி முகர்ந்தாள், முகர்ந்தது அவளுக்கு இப்போதும் தெரியும், பிறகு திருப்பிப் பார்த்தாள், கணுவில் முள் இல்லை. ஒரு முள்கூட இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்திருந்தார், கிள்ளிய இடமெல்லாம் பச்சையாக ஈரமாக இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. முள்மரத்தைக் கொண்டுவருகிறவர் முள்ளை எடுத்துவிட்டா கொண்டுவருவது, இதை வைத்து எப்படி இனம் சொல்வது என்று கேட்டாள். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்றாள், ஓடைக்கரையில் என்றார். மரம் எவ்வளவு உயரம் என்றாள், உங்களைவிடக் கொஞ்சம் உயரம் என்றார். மண் என்ன மண், கரிசல். எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொண்டாள். கொப்பைச் செய்தித்தாளில் வைத்து, பூ உதிராமல் பார்த்து, பலகையைப் போட்டு வாரை இறுக்கினாள். மாதிரிக்குக் கீழே ஒட்டுகிற சீட்டில் சேகரித்தவர் பெயருக்கு எதிரே அவர் பெயரை எழுதி, அதற்கும் கீழே முட்கள் சேகரித்தவரால் நீக்கப்பட்டவை என்று குறிப்பும் எழுதினாள், நாளைக்கு யாராவது பார்த்துவிட்டு இதென்ன முள்ளில்லாத கஸ்தூரிவேல், புது வகையோ என்று குழம்பிவிடக் கூடாது. எவ்வளவு கவனம். உலகத்தில் எந்தப் பெண்ணாவது பூக்கொடுத்தவனிடம் மண் என்ன மண் என்று கேட்டிருப்பாளா. அந்த ஆவணியில் அவருக்குக் கல்யாணம், சொந்தத்தில் பெண். பியூலா ஸ்டாஃப்ரூமில் எல்லாரோடும் சேர்ந்து பணம் போட்டுக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் எவ்வளவோ காலம் கழித்து, பூச்சி அரித்த மாதிரிகளை எடுத்து வெயில் காட்டும்போது அந்தக் கொப்பு கைக்கு வந்தது. பூவெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது, வாசனை இல்லை. முட்கள் நீக்கப்பட்டவை என்று தன் கையெழுத்தில் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் நிற்கிறீர்களே மிஸ் என்று அட்டெண்டர் அம்மா வந்து கூப்பிடும்வரை அப்படியே நின்றாள்.

பக்கத்து சீட்டில் குளத்தூரில் ஏறிய கருவாட்டுக்காரம்மா கூடையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். பியூலா தங்கை வீட்டுக்கு என்று சொல்ல நினைத்தாள், தெரியாதவர்களிடம்தான் உண்மையைச் சொல்ல வசதி. செவ்வல்பட்டியில் ஒரு மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அந்தம்மாவுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது, மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள், மாடு பார்க்கப் போவார்கள், மரம் பார்க்க இவ்வளவு இஸ்திரி போட்ட சேலையா என்றாள்.

“மரம் எங்கேக்கா ஓடிரப் போவுது? மெதுவாப் போவலாம்லா.”

திங்கட்கிழமை வெட்டுகிறார்கள் என்றாள் பியூலா. அப்போ போகத்தான் வேணும் என்று அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு, கூடையில் சாய்ந்து தூங்கத் தொடங்கினாள். சேலை. ஆமாம், நல்ல சேலைதான். ஊதாக் கரை போட்டது. தங்கை வீட்டுக்குப் போவதென்றால் இதை எடுத்திருக்க மாட்டாள். காலையில் அதற்கு இஸ்திரி போட்டபோது எதற்கென்று தன்னையே கேட்கவில்லை, இப்போது ஒரு கருவாட்டுக்காரி கேட்டுவிட்டாள். வெட்கம் வந்தது, வெட்கத்தின் பின்னாலேயே பயமும். அன்றைக்குப் பூவை மாதிரி என்று எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு அதே தப்பைத் திருப்பிப்போட்டுச் செய்துவிட்டால். மரம் என்ன மரம் என்று ஒரு மனிதர் கேட்கிறார், அவ்வளவுதான், அதில் போய்ப் பூவைத் தேடி, ஊதாக் கரை கட்டிக்கொண்டு, இந்த முட்டியோடு. எல்லா மரத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவளுக்கு ஒரு மனிதர் கூப்பிடுவதில் இது வேண்டுகோள், இது ஆசை, இது மறதி என்று பிரிக்கத் தெரியவில்லையே. குரலில் கணு இருக்கிறதா, தடவிப் பார்க்க. சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதற்குள் ஒரு விசிறி ஓடுகிற சத்தம் இருந்தது, தெருவில் ஆடு கத்தியது, அவர் மூச்சு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் நெஞ்சு லேசாயிற்று, லேசான நெஞ்சில் ஒன்றுமே இல்லாமல் காலியாக இருந்தது. கரிசல் காட்டில் ஒற்றை வெள்வேல், வெளிறிய பட்டையோடு, நுனியெல்லாம் வெண்ணெய் நிறப் பூவோடு, சுற்றிலும் ஒன்றுமில்லாமல் நின்றது. தூரத்தில் கரிமூட்டத்தில் இருந்து புகை. சீமை வெந்துகொண்டிருக்கிறது. செவ்வல்பட்டி எல்லாம் முன்னால் வாங்க என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். யாரும் எழவில்லை. ஆள் இல்லையா, போலாம் ரைட் என்றார். டிரைவர் கியரை மாற்றுகிற சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தில் பியூலா எழுந்து நின்றுவிட்டாள். கருவாட்டுக்காரம்மாவின் கூடையை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து. அருப்புக்கோட்டைக்குல்லா டிக்கெட் எடுத்திய என்று கண்டக்டர் சொன்னார், சொல்லும்போதே விசிலை ஊதினார், நல்ல மனிதர்.

தெருவின் கடைசி வீடு என்று போனில் சொல்லியிருந்தார். வழி கேட்கத் தேவைப்படவில்லை, மரம் முதலில் தெரிந்தது. பாதித் தெருவில் இருந்தே தெரிந்துவிட்டது. வளைந்து வளைந்து போகிற கொப்பு, வெளிர்மஞ்சளாகத் தொங்குகிற தட்டைக் காய், கிட்டே வந்ததும் கணுவுக்குக் கணு இரட்டை முள். சீமை. சந்தேகமே இல்லாத சீமை, முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவள் கால் நின்றுவிட்டது. நெல்லையப்பனுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை, அப்படியென்றால், அப்படியென்றால் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, சின்னப் பெண் மாதிரி. அவர் வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது, உடம்பு குறுகியிருந்தது, வாங்க மிஸ் என்ற குரல் மட்டும் அப்படியே. கண் தெளிவாக இருந்தது. மறதிக்காரர் கண் இல்லை. அவள் மரத்தைப் பார்த்தாள், அவரும் பார்த்தார், அப்போதுதான் அடிமரத்தில் சுற்றியிருந்த மஞ்சள் கயிறுகள் அவள் கண்ணில் பட்டன. வெளுத்துச் சாயம் போனவை, ஒன்றின்மேல் ஒன்றாக, பட்டைக்குள் புதைந்து போகிற அளவுக்கு. கீழே வட்டமாக மண் அழுந்தித் தேய்ந்திருந்தது, யாரோ பல வருஷம் சுற்றி நடந்த தடம். அவர் சொல்லத் தொடங்கினார், அவளைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே. மனைவி உலகம்மாள் எந்தக் கோயில் வாசலிலோ வன்னிக் கன்று என்று சொல்லி விற்றவனிடம் வாங்கிக்கொண்டு வந்தாளாம். கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல் இருந்த காலம். வன்னியைச் சனிக்கிழமை சுற்றினால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கொண்டுவந்து வைத்த அன்றைக்கே இவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தார், அவள் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். பிள்ளை பிறக்கவில்லை. அவள் சுற்றுவதை நிறுத்தவும் இல்லை. தினம் காலையில் ஒரு செம்பு தண்ணீர், சனிக்கிழமை கயிறு. சாகிற வாரம்கூடச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து தண்ணீர் ஊற்றினாள், என் வன்னி காயக் கூடாது என்றாள்.

“அவகிட்ட ஒருநாளும் நான் சொன்னதில்லை, மிஸ். இப்போ மிஷின்காரங்ககிட்ட வன்னின்னு சொல்லிட்டா விட்டுருவாங்க. தனியா நின்னு சொல்லிப் பாத்தேன். வாய் வரமாட்டேங்குது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்.”

பியூலாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது நின்றுவிட்டிருந்தது. வலி என்று அதைச் சொல்ல முடியாது, எப்போதோ தெரிந்துவிட்ட ஒன்றை இன்னொருவர் சத்தமாகப் படித்துக் காட்டியதுபோல இருந்தது. இந்த மனிதர் ஒரு வகுப்பில் கரும்பலகையில் யாரோ எழுதிய பெயரில் ஒரு எழுத்துத் தப்பு என்று பாடத்தையே நிறுத்தியவர். இவ்வளவு வருஷம் ஒரு பெண்ணின் தப்பைத் திருத்தாமல் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறார். இப்படித் திருத்தாமல் விடப்படுவது எப்படி இருக்கும். உலகம்மாளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், ஆனால் அந்தத் தேய்ந்த வட்டத்தைப் பார்க்கும்போது அதுவும் வரவில்லை. அவரை, இதோ ஒரு கை தூரத்தில் நிற்கிறவரை, இவ்வளவு கிட்டே நின்றும் இவ்வளவு வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். அவள் போய் ஒரு கொப்பைப் பிடித்தாள். இரட்டை முள், உறுதியான முள், பொய்யே சொல்லாத முள். மைக்கைப் பிடித்துச் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது, வேர், தண்ணீர், புல். தாலுகா ஆபீஸ் ஆட்களின் முகம் வந்தது. அந்த அம்மா சொன்னால் சரி.

“நீங்க சொல்ல வேண்டாம், சார்,” என்றாள். “உங்க வாயால வேண்டாம். திங்கக்கிழமை நான் வர்றேன், நானே சொல்லிக்கிடுறேன்.”

“என்னன்னு?”

“வன்னின்னு.”

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், இன்று முதல்முறையாக நேராக. விவரம் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் சிரிப்பானே, உங்கள் பெயர் என்ன ஆகும் என்று கேட்டார். சிரிக்கட்டும் என்றாள். இதற்கு இப்போது தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டாள். யாரும் ஊற்றவில்லை, இதுக்கு எதுக்குத் தண்ணி என்றார் அவர், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கிணற்றடியில் ஒரு பித்தளைச் செம்பு கவிழ்ந்து கிடந்தது, விளிம்பு நசுங்கி, பச்சை படிந்து. பியூலா குனிந்து அதை எடுத்தாள், முட்டி வலித்தது, தொட்டியில் கழுவி நிறைய மொண்டுகொண்டு வந்தாள். ஊரில் உள்ள தண்ணீரையெல்லாம் குடிக்கும் என்று அவள் சொல்லித் திரிந்த மரத்தின் அடியில், ஊதாக் கரை நனைய, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காய்ந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். செம்பு காலியானதும் அவள் திரும்பி, இன்னொரு செம்பு ஊற்றவா என்று கேட்டாள்.